முப்புரி நூலும் மஞ்சட் காப்பும்: ஆவணி அவிட்டத்தின் பொருள்பற்றிய ஓர் ஆய்வு

ஆவணித் திங்களின் முழுமதியை ஒட்டி நிகழும் ஆவணி அவிட்டம் என்னும் பூணூல் விழாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு திறத்தினராவர். பிறப்பினாற் பெற்ற உயர்வை ஆண்டுதோறும் உறுதிசெய்துகொள்ளும் நாளே அதுவென்பர் ஒரு சாரார். நூல் வெறும் பருத்தி இழை. அதற்கொரு விழா எடுத்தல் அறியாமை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் ஒன்றற்கொன்று பகையெனத் தோன்றினும், ஓரிடத்தில் இரண்டும் உடன்படுகின்றன. அச்சடங்கு தன்னைப் பற்றித் தானே யாது கூறுகின்றது என்பதை இரு சாராரும் கேட்டிலர். நூலைப் போற்றுவாரும் இகழ்வாரும் நூலை மட்டுமே கண்டனர். நூல் எதற்காக அணியப்படுகின்றது என்பதைக் கண்டிலர். அதனைக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வெலிமடையைச் சூழ்ந்த தோட்டங்களிலே வாழும் மக்களுக்கு இந்நூலோடு என்ன உறவு என்னும் வினாவும் அதனோடு சேர்ந்தே எழுகின்றது.

முதற்கண் விழாவின் அமைதியை நோக்குவாம். வடமொழியில் இதற்கு உபாகர்மம் என்று பெயர். தொடங்குதல் என்பது அதன் பொருள். யசுர் வேதத்தைச் சார்ந்தோர் ஆவணி முழுமதியிலும், இருக்கு வேதத்தார் திருவோண மீன் கூடிய நாளிலும், சாம வேதத்தார் அத்த மீன் கூடிய நாளிலும் இதனை இயற்றுவர். முழுமதியை ஒட்டி அவிட்ட மீன் வருதலால் தமிழர் இதற்கு ஆவணி அவிட்டம் என்று பெயரிட்டனர். புதிய பூணூல் அணிதல், வேதம் கண்ட முனிவர்க்கு நீர்க்கடன் இறுத்தல், வேள்வித்தீ வளர்த்தல், நான்கு வேதங்களின் தொடக்கங்களையும் ஆசிரியன் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லுதல் என்பன அதன் உறுப்புக்கள். மறுநாள் காயத்திரி மந்திரம் பன்முறை உருவேற்றப்படும். உபநயனம் பெற்ற சிறுவனுக்கு முதன்முறை வருவது தலை ஆவணி அவிட்டம் எனச் சிறப்பித்துக் கொண்டாடப்பெறும்.

இவ்வுறுப்புக்களை நிரல்பட வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பூணூல் மாற்றுதல் இவ்விழாவின் ஓர் உறுப்பேயன்றி முடிவன்று. முடிவாக நிற்பது ஓதத் தொடங்குதலே. பண்டைநாளில் மழைக்காலத் தொடக்கத்திலே வேதக் கல்வி தொடங்கி, ஏறத்தாழ ஐந்து திங்கள் நடைபெற்று, தைத் திங்களிலே உற்சர்சனம் என்னும் சடங்கோடு நிறுத்தப்பெறும். எஞ்சிய காலம் வேதாங்கங்களாகிய இலக்கணம், சோதிடம் முதலியவற்றிற்கு உரியது. இக்காலத்தார் பாடசாலைத் தவணை என்று கூறுவது யாதோ அதுவே அது. எனவே ஆவணி அவிட்டம் என்பது ஒரு பழைய கல்வியாண்டின் முதல் நாள் என்று கொள்ளுதலே பொருத்தமுடையதாகும்.

இதற்கு வலுவான சான்று சடங்கினுள்ளேயே உள்ளது. யசுர் வேதத்தார் அன்று காலையில், பிழையைச் செய்தது ஆசையே, செய்தது சினமே என்னும் கருத்தமைந்த செபம் ஒன்றை இயற்றுவர். தைத் திங்களிற் செய்யவேண்டிய உற்சர்சனத்தைச் செய்யாமல் விட்டமைக்குக் கழுவாயாகவே அது செய்யப்படுகின்றது என்பது வைதிகர் கூறும் விளக்கம். கல்வியாண்டை முறைப்படி முடிக்கும் வழக்கம் அருகிவிட்டது. முடிக்கவில்லை என்று ஆண்டுதோறும் வருந்திச் சொல்லும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஒரு சடங்கு தன் பொருளிலிருந்து விலகிய பின்னரும் அவ்விலகலைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருப்பது வியப்பன்றோ! உயர்வைப் பறைசாற்றும் நாள் என்பார் இச்செபத்தை நினைந்து பார்த்தல் வேண்டும். தன்னை உயர்ந்தோனென்று கூறிக்கொள்பவன் விழாவைக் குறைகூறிக்கொண்டு தொடங்கான்.

இனி, நூல் என்னும் சொல்லை நோக்குவாம். தமிழிலே இழைக்கும் ஏட்டுக்கும் அஃதொன்றே பெயர். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே இவ்விரு பொருளையும் இணைத்துக் காட்டுகின்றார். சொல் பஞ்சாகவும், செய்யுள் இழையாகவும், புலவன் நூல் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாய் அவள் கையாகவும், அறிவு கதிராகவும் அங்கே உருவகம் செய்யப்பெறுகின்றன. மரத்தின் கோணலைத் தச்சன் நூல் காட்டித் தீர்ப்பது போல மனத்தின் கோணலைத் தீர்ப்பது கற்கும் நூல் என்றும் அவர் கூறுவர். பூணூல் செய்வார் நான்கு விரல்களின் மீது 96 முறை சுற்றி அதன் அளவைக் கொள்வர். சைவ சித்தாந்தம் கூறும் தத்துவங்களும் 96 ஆதலின் இரண்டையும் இயைத்துப் பொருள் கூறுவாருமுளர். அவ்வியைபு பிற்காலத்தார் கற்பித்ததாயினும் ஆகுக. மார்பிற் கிடக்கும் நூல் மனத்திற் கிடக்கவேண்டிய நூலுக்கு அறிகுறி என்னும் கருத்துத் தமிழுக்குப் புதியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

பழந்தமிழ் நூல்கள் இதுபற்றிக் கூறுவனவற்றை நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் நூல், கரகம், முக்கோல், மணை என்னும் நான்கையும் அந்தணர்க்கு உரியனவாகக் கூறுகின்றது. மரபியல் பிற்சேர்க்கை எனக் கருதும் அறிஞருமுளர். திருமுருகாற்றுப்படையிலே திருவேரகத்து வழிபடுவோரை நக்கீரர் வருணிக்கின்றார். குடியின் தொன்மையை அவர் கூறாமல் விடவில்லை. ஆயினும் அதனோடு நில்லாது, இளமையில் 48 யாண்டுகளைக் கல்வி நெறியிலே கழித்தமையையும், அறம் பயின்ற கொள்கையையும், முத்தீ ஓம்பலையும் சொல்லிய பின்னரே ஒன்பது இழை கொண்ட முப்புரி நூலைச் சொல்லுகின்றார். குடி முன்னும் நூல் பின்னுமாக நிற்க, இடையிலே நிற்பது அரை நூற்றாண்டுக் கல்வி. பின்வந்தோர் அவ்விடைப் பகுதியை நழுவவிட்டுக் குடியையும் நூலையும் நேரே முடிந்துவிட்டனர் என்பதே நாம் கூறும் குறை.

இக்குறையை எடுத்துரைத்தோர் புறச்சமயத்தார் மட்டுமல்லர். திருமூலர் தம் திருமந்திரத்து முதல் தந்திரத்திலே, அந்தணர் ஒழுக்கம் கூறுமிடத்து, நூல் என்று அணிந்திருப்பது பருத்தி, சிகை என்று வைத்திருப்பது மயிர் என்று கூறி, உண்மையான நூல் வேதாந்தம், உண்மையான சிகை ஞானம் என்று விளக்குகின்றார். இதனை நூலுக்கு எதிரான கூற்றென்று கொள்வாருளர், அது பொருந்தாது. எதிரானதாயின் பருத்தி என்பதோடு அவர் நின்றிருப்பார். அங்ஙனம் நில்லாது வேதாந்தம் என மேற்சென்றமையால், நூலை நீக்குதலன்று, நூலுக்குரிய பொருளை மீட்டலே அவர் கருத்தென்பது வெளிப்படை.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே பூணூல் பற்றிய இரு நிகழ்ச்சிகளை அமைத்துள்ளார். அவற்றை ஒருங்குவைத்து நோக்குதல் மிகவும் பயனுடையது. ஒன்று திருஞானசம்பந்தரின் உபநயனம். மூவாண்டிலே ஞானப்பால் உண்ட பிள்ளையாருக்கு மறையவர் உரிய பருவத்திலே முப்புரி நூல் அணிவித்து மறை ஓதுவிக்க முற்படுகின்றனர். அப்பொழுது பிள்ளையாரே மறைகளை எடுத்தோதி அவர்தம் ஐயங்களையும் அகற்றுகின்றார். மற்றையது திருநாளைப்போவார் வரலாறு. ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்த நந்தனார் தில்லையிலே தீயினுட் புகுந்து, சடைமுடியும் வெண்ணூலும் விளங்க முனிவர் வடிவோடு வெளிப்படுகின்றார். மறையவர் குலத்துப் பிள்ளையாருக்கும் புலைப்பாடித் தொண்டருக்கும் நூல் ஒன்றையும் புதிதாகக் கொடுக்கவில்லை. முன்னவர்பால் ஞானமும் பின்னவர்பால் அன்பும் நூலுக்கு முன்னரே நிறைந்திருந்தன. இருவரிடத்தும் நூல் பின்வந்த சான்றே.

ஆயினும் இவ்விரு நிகழ்ச்சிகளையும் சமமெனக் கூறி அமைதல் நேர்மையாகாது. ஒருவர்க்கு நூல் வீட்டு முற்றத்திலே வந்தது. மற்றவர்க்குத் தீயினூடே வந்தது. ஒரே சான்றுக்கு இருவர் கொடுத்த விலை வேறு. சேக்கிழார் இவ்வேறுபாட்டை மறைத்தாரல்லர், மாற்றினாருமல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றியபொழுது, பெரியபுராணத்தில் இல்லாத நிலக்கிழாராகிய வேதியர் ஒருவரைப் படைத்து, தில்லைக்குப் போக விடைகேட்கும் நந்தனாரை வயல்வேலை காட்டித் தடுத்ததாக அமைத்தார். பிரட்டுக்களத்திலே பேர் கொடுத்து, கொழுந்துக் கூடையோடு மலையேறி, திருவிழாவுக்கு ஒரு நாள் விடுமுறை கேட்டு நின்ற மக்களின் வழித்தோன்றல்களுக்கு அக்காட்சியின் பொருளை உரையாசிரியர் ஒருவர் வந்து விளக்கவேண்டியதில்லை.

நூல் உரிமை வழக்காக மாறிய வரலாறும் உண்டு. மதுரையிலே இராணி மங்கம்மாள் ஆட்சியில், 1704ஆம் ஆண்டளவில், பட்டுநூற்காரர் எனப்படும் சௌராட்டிரர் உபாகர்மம் இயற்றினர் என்பதற்காக அவர்களுள் 18 பேர் சிறைப்படுத்தப்பட்டனர். அரசி சாத்திரம் வல்லோரைக் கூட்டி ஆராயச் செய்து, அவர்களுக்கு அவ்வுரிமை உண்டென்று ஓலை வழங்கினாள். நூல் நெய்து நாட்டுக்கு ஆடை அளித்தவர், தம் மார்பில் ஒரு நூல் அணிவதற்கு அரசவையின் தீர்ப்பை வேண்டி நிற்க நேர்ந்தது! விழாவின் பொருள் கல்வித் தொடக்கம் என்பது மறக்கப்பட்டு, அஃது உரிமைப் பட்டயம் என்னும் எண்ணமே மேலோங்கிவிட்டமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

சுப்பிரமணிய பாரதியார் 1913ஆம் ஆண்டிலே புதுச்சேரியில் ரா. கனகலிங்கம் என்னும் ஆதிதிராவிட இளைஞருக்குப் பூணூல் அணிவித்துக் காயத்திரி உபதேசம் செய்தார். பாரதியாரோ தம் பூணூலை முன்னரே களைந்தவர். இதனை முரண்பாடென்று நகைத்தோர் இருந்தனர். ஆழ்ந்து நோக்கின் இது முரணன்று. பிறப்பினால் தாமாக வந்ததை அவர் வைத்துக்கொள்ளவில்லை. பிறப்பினால் மறுக்கப்பட்டதை மற்றவர்க்கு வழங்கினார். எனினும் ஓர் ஐயம் எழுகின்றது. எல்லார்க்கும் நூல் அணிவித்தலால் ஏற்றத்தாழ்வு ஒழியுமா? நூலில்லாதாரைத் தாழ்ந்தோரெனக் கொள்ளும் அளவுகோலை அஃது அப்படியே விட்டுவைக்கின்றதன்றோ? இவ்வையத்துக்கு விடை காண, நூலைப் பெறாதார் தமக்கென வைத்துக்கொண்ட நூல் யாது என்று வினவுதல் வேண்டும். அவ்விடையை ஊவா மலைநாட்டிலே காணலாம்.

ஊவாத் தோட்டங்களில் ஆவணி அவிட்டம் பெருவழக்காக இல்லை. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடுவதற்கெனத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொண்டுவரப்பட்ட மக்களிற் பெரும்பாலோர் பூணூல் வழக்கம் இல்லாத குடிகளைச் சேர்ந்தவர். பருவமும் அங்கே வேறுபடுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பாலுள்ள மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு, ஊவாவுக்கு வறண்ட கச்சான் காற்றாகவே வருகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள அக்காலமே ஊவாத் தேயிலையின் நறுமணம் சிறந்து விளங்கும் காலம். பாரதத்திலே மழையால் ஊர்ப்பயணம் ஒழிந்து ஓதத் தொடங்கிய அதே ஆவணியில், ஊவாவிலே மழை ஒழிந்து தொழிற்சாலைகள் ஓய்வின்றி இயங்கும். ஒரு விழா மண் மாறி வரும்பொழுது தன் பருவக் காரணத்தை இழப்பது இயல்பே. ஆயினும் அந்த முழுமதி வேறொரு பொருளோடு இம்மண்ணில் விளங்குகின்றது. பௌத்தர்க்கு அது பெரும்பாலும் நிக்கினிப் போயா நாளாக அமையும். பிக்குகள் ஓரிடத்திற் கார்காலம் தங்கி ஓதும் வஸ் நோன்பின் பிற்பகுதித் தொடக்கம் அதனையொட்டியே வருகின்றது. ஓரிடத்தில் அமர்ந்து ஓதுதல் என்னும் பழங்கருத்து இரு சமயத்துக்கும் பொதுவாய் நிற்றல் ஈண்டுக் கருதத்தக்கது.

தோட்டத்து மக்களின் நூல் விழா மாரியம்மன் திருவிழாவின் காப்புக்கட்டு ஆகும். மஞ்சளில் நனைத்த நூலிலே மஞ்சட் கிழங்கின் துண்டொன்றை முடிந்து, அம்மனுக்கும், பூசாரிக்கும், கரகம் எடுப்போர் முதலானோர்க்கும் மணிக்கட்டிலே கட்டுவர். கட்டிய நாள் முதல் அவர் புலால் நீக்கி, உடலும் மனமும் தூயராய், திருவிழா முடியுமளவும் ஊரெல்லையைக் கடவாது இருத்தல் மரபு. கரகம், பாற்குடம், தீமிதிப்பு முதலியன நிகழ்ந்து, மஞ்சள் நீராட்டோடு விழா நிறைவுறும்பொழுது காப்புக் களையப்படும்.

இதனையும் உபாகர்மத்தையும் ஒப்புநோக்குவாம். இரண்டிலும் நூலுக்கு முன்னே நீராட்டும் நூலுக்குப் பின்னே கட்டுப்பாடும் உண்டு. இரண்டிலும் நூல் ஒரு சங்கற்பத்தின் கண்காணும் அடையாளம். தொல்காப்பியம் அந்தணர்க்குக் கூறிய நான்கனுள் நூலும் கரகமும் ஆகிய இரண்டும் தோட்டத்துப் பூசாரியின் கையிலே இருத்தலும் நோக்கத்தக்கது. துறவோரின் நீர்க்கரகமும் அம்மனின் பூங்கரகமும் வேறு வேறேயாயினும், நீர் நிறைந்த கலத்தையும் இழையையும் தூய்மைக்கு அறிகுறியாகக் கொள்ளும் உள்ளம் இரண்டிடத்தும் ஒன்றே. வேற்றுமை ஒன்று உண்டு, அது பெரிது. முப்புரி நூல் ஒருமுறை அணிந்தால் வாழ்நாள் முழுதும் கிடப்பது. பழையது கழியுமுன் புதியது ஏறுகின்றது. காப்போ நோன்பு முடிந்ததும் கழற்றப்படுகின்றது. நோன்பில்லாத நாளிலும் மார்பிற் கிடக்கும் நூல் எளிதிற் பிறப்பின் அடையாளமாகிவிடும். நோன்போடு வந்து நோன்போடு போகும் நூலுக்கு அவ்விடர் குறைவு. காப்பு அணிந்தவன் யாரென்று எவரும் வினவுவதில்லை. யாது செய்யப் போகின்றான் என்றே வினவுவர்.

காப்பிலே கல்வியில்லை, மறையில்லை. ஆதலால் இரண்டையும் ஒப்பிடல் தகாது எனச் சிலர் தடை கூறலாம். நூலின் பொருள் கல்வியே என மேலே நாட்டிய நாம் இத்தடையைப் புறக்கணித்தல் இயலாது. உண்மை, காப்பு நோன்பைக் காத்தது, ஓதலைக் காக்கவில்லை. ஆனால் அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். ஓதுதற்கு உரிமை மறுக்கப்பட்டோர் தமக்கு எஞ்சிய ஒழுக்கத்தை நூலிலே முடிந்துகொண்டனர். ஓதற்கு உரிமை பெற்றோரிற் பலர் ஓதலை விட்டு நூலை மட்டும் முடிந்துகொண்டனர். இவ்விருவருள் நூலுக்கு உண்மையாய் நின்றவர் யாவர் என்பதைக் கற்றோர் முடிவுசெய்க.

காப்புக்கட்டும் குறையற்றதென யாம் கூறவில்லை. திருவிழாவிலே யாருக்கு முதல் மரியாதை, யார் எதனை எடுப்பது என்பவற்றிற் சாதி வேற்றுமை பாராட்டிய வழக்கம் தோட்டங்களிலும் இருந்ததுண்டு. மகளிரின் நிலையும் ஆராயத்தக்கது. உபநயனம் மகளிர்க்கு வழக்கில் இல்லை. பவணந்தியார் புலவனுக்கே உவமையாகக் கூறிய நூல் நூற்கும் பெண், தான் நூற்ற நூலை அணியப்பெறாள். காப்பும் பாற்குடமும் தீச்சட்டியும் அவளுக்கு இடமளித்தன. 21 நாள் நோற்று 21 இழைக் காப்பு அணியும் கேதார கௌரி விரதமும் ஈழத்துச் சைவ மக்களிடையே ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாய் வழங்குகின்றது. அயலிலே வாழும் சிங்கள மக்கள் பிரித் ஓதக் கேட்டபின் கையிற் கட்டிக்கொள்ளும் நூலும் அத்தகைய பொதுமை உடையதே. இவையெல்லாம் காட்டுவது ஒன்றே: நூல் காவலாகவும் நோன்பாகவும் நின்றவிடத்து யாவர்க்கும் உரியதாயிற்று, பட்டயமாக நின்றவிடத்தே சிலர்க்கு மட்டும் உரியதாயிற்று.

எஞ்சி நிற்பது ஓதற் பகுதி. 1945ஆம் ஆண்டிலே இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபொழுது தோட்டப் பிள்ளைகள் அதன் முழுப்பயனையும் பெற்றாரல்லர். தோட்ட நிருவாகத்தின் கீழ் இருந்த சிறு பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். அவர்தம் பெற்றோரிற் பெருந்தொகையினர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமையும் இழந்து நின்ற காலம் அது. சௌராட்டிரர் மதுரையிலே நூலுக்காக நின்ற வாயிலினும் நெடிய வாயிலிலே இம்மக்கள் ஏட்டுக்காக நின்றனர். லயத்துப் பிள்ளையொருவன் தமிழ் நெடுங்கணக்கை ஓதத் தொடங்குதல், நக்கீரர் கூறிய அவ்விடைப் பகுதியை மீண்டும் அதன் இடத்திலே வைத்தலாகும்.

அதற்கெனப் புதுவிழா ஒன்றை நாம் படைத்தல் வேண்டா. விசயதசமி நாளிலே ஏடு தொடக்கும் வழக்கம் ஈழத்துத் தமிழரிடையே நன்கு வேரூன்றியுள்ளது. ஆசிரியன் சொல்லப் பிள்ளை திருப்பிச் சொல்லும் அச்சிறு சடங்கு, ஆவணி அவிட்டத்து வேதத் தொடக்கத்தின் உயிர்ப்பொருளை முழுதும் உடையது. குலமும் பாலும் அது கேளாது. அதனை ஒருநாட் காட்சியாக விடாது, காப்புக் கட்டியவர் விழா முடியுமளவும் எல்லை கடவாது காக்கும் உறுதியோடு, கல்வியாண்டு முடியுமளவும் பெற்றோரும் ஆசிரியரும் மாணவரும் காப்பாராயின், மஞ்சட் காப்பின் நோன்பும் முப்புரி நூலின் கல்வியும் ஒன்றாய் இணையும்.

ஆவணி அவிட்டத்தன்று புதுநூல் அணிவார் தாம் தொடங்குவதாகச் சொன்ன கல்வியைத் தொடங்குக. சென்ற ஆண்டு முடிக்கவில்லை என வருந்திச் சொன்னதை இவ்வாண்டு முடிக்குக. அணியாதார் தம் கையிற் கட்டிய காப்பைத் தாழ்ந்ததெனக் கருதாதொழிக. மனக்கோட்டம் தீர்ப்பதே நூலின் மாண்பு என்று கற்ற தமிழ் மாணாக்கர், ஒருவன் மார்பிலும் மணிக்கட்டிலும் நூலைத் தேடுதலை விடுத்து, அவன் கற்றவற்றிலும் காத்தவற்றிலும் அதனைத் தேடுவாராக.